வேலாயுதண்ணன் ஒச்சை அடைத்த ஜீப்

தொண்ணூற்றாறாம் வருடம் என் மனைவி செல்லபாய் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் ஆள் ஏற்றி டிரிப் ஓட்டுகிற டீசல் ஜீப்பில்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அந்த இரைச்சல், எங்கள் பக்கம் ஒச்சை என்போம், அவளுக்குத் தாங்கவில்லை. சேலைத் தும்பால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடி இருந்தாள்.

அமரவிளையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். ரோட்டோரம் வண்டிகளுக்குச் சீட்டு தைக்கிற கடை. அந்த மேஸ்திரி வெளியே வந்து அவளை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய் ஒரு பஞ்சு மெத்தையை எடுத்துவந்து, மடக்கி, அவள் காலுக்கு அடியில் தகரத்தின் மேல் விரித்தார். கியர் கம்பி வருகிற ஓட்டையைச் சுற்றிப் பழந்துணியைத் திணித்தார்.

"இனி மெதுவா போ," என்றார். அவ்வளவுதான்.

வீடு சேர்வதற்குள் செல்லபாய் காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நாலு நாள் கழித்து மெத்தையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் மத்தியானம் வெறும் சாக்கில் படுத்திருந்தார். அது அவர் படுக்கிற மெத்தை.

அவர்தான் வேலாயுதண்ணன். சின்ன வயதிலிருந்தே பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் தகரம் அடித்தவர். அதில் காது மந்தமாகிப்போய், பிறகு சீட்டு வேலைக்கு வந்தார். அந்த ரோட்டில் ஓடுகிற நாங்கள் எல்லோரும் அவரைப் பொட்டன் மேஸ்திரி என்போம். பொட்டன் என்றால் எங்கள் பக்கம் செவிடன். மடையன் என்றும் அர்த்தம் உண்டு. அவர் எதிரிலேயே சொல்லுவோம்.

"வேலாயுதண்ணா, வண்டி முழுசும் இதுபோல ஒச்சை அடைக்க முடியுமா?" என்று அவர் காதுக்குள் கத்தினேன்.

"முடியும். அதுக்கு எதுக்கு இப்பிடித் துப்பல் தெறிக்க?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் வேலை. சீட்டையும் பழைய விரிப்பையும் கழற்றி, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். பிறகு எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு, உள்ளங்கையைத் தகரத்தில் வைத்து வைத்துப் பார்த்தார், வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறதைப்போல. நடுக்கம் உள்ள இடத்தில் எல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம்.

"காதால தேடினா எல்லா ஒச்சையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், ஈசாக்கே. கையாக்கும் பிரிச்சுச் சொல்லும்," என்றார்.

தார் ஷீட்டை வெயிலில் போட்டு, குழைந்ததும் வட்டம் போட்ட இடங்களில் ஒட்டி, ஒரு கட்டையால் உருட்டி அழுத்தினார். அதற்குமேல் கழிவுப் பஞ்சை அடித்துச் செய்த தடித்த விரிப்பு. அதற்குமேல் ரப்பர் மேட். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் உள்ள தகரத்துக்கும் அதே வேலை. கதவு விளிம்புக்குச் சைக்கிள் டியூபைக் கீறி வைத்தார்.

மகள் பிரசீதா சோறு கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தாயில்லாத பிள்ளை.

"அச்சா, இது நம்ம சப்பாத்திக் கட்டையில்லா? தாருல உருட்டியாச்சா?"

"இனி சப்பாத்தி ஒச்சையில்லாம இருக்கும், மோளே."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அவர் உடனே பதில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், சிரித்தேன். ஆனால் யோசிக்கவில்லை.

தார் மணம் ஒரு மாசம் போகவில்லை. ஆனால் இரைச்சல் போய்விட்டது. "எலே ஈசாக்கு, எஞ்சினை வீட்டுல வச்சுட்டா வந்தே?" என்று ஏறுகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். செம்மண் ரோட்டில் குலுங்கிக்கொண்டு போகும்போதே பின்னால் ஒருத்தி பேரப்பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேட்டது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணெடுக்கிறவர்கள் பெண் வீட்டைப்பற்றி முதலில் விசாரிக்கிறது டிரிப் ஜீப்காரனிடம். அவன் எல்லா வீட்டு வாசலுக்கும் போகிறவன், எல்லோரையும் அறிந்தவன். வண்டியில் முன்சீட்டில் இருந்துகொண்டு கேட்பார்கள். பின்சீட்டில் பெண்ணின் சித்தப்பனே இருந்தாலும் ஒரு அட்சரம் கேட்காது, அவ்வளவு இரைச்சல். இருபது வருடம் நான் அப்படித்தான் பேசிப் பழகியிருந்தேன். என் வண்டியில் இரைச்சல் போயிற்று. என் வாய் பழையபடியே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பின்கதவில் ஏதோ கடகடவென்று அடிக்கிறது என்று சொல்லியிருந்தேன். ஓட்டத்தில்தான் பிடிக்க முடியும் என்று வேலாயுதண்ணன் அமரவிளையில் பின்னால் ஏறிக்கொண்டார். அங்கேயே முன்சீட்டில் ஒரு மனிதர் ஏறினார். காட்டாக்கடை ஜெயச்சந்திரன். செங்கல் என்கிற ஊர்க் கோயிலுக்குப் போய்த் தொழுதுவிட்டு, திரும்பி வந்து தன் தங்கை மகனுக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும் என்றார்.

"ஏது பெண்ணு?"

"சீட்டு வேலைக்காரன் வேலாயுதனோட மோள். கல்யாண ஆலோசனை நல்லபடி வந்திருக்கு. பையனுக்குப் போட்டோ பிடிச்சுப் போச்சு. தகப்பன் ஆளு எங்ஙன, டிரைவரே?"

நான் கண்ணாடியில் பார்த்தேன். வேலாயுதண்ணன் பின்கதவில் கையை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயச்சந்திரன் அவரை முன்னே பின்னே கண்டதில்லை. பொட்டன்தானே என்று நினைத்தேன். அந்த ஆளே பின்னால் இருக்கிறார் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டு பேசுவது எனக்கு ஒரு வேடிக்கையாகவும் பட்டது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

"நல்ல வேலைக்காரனாக்கும்," என்றேன். "காதுதான். பின்னால வெடி வச்சாலும் திரும்பமாட்டாரு."

ஜெயச்சந்திரன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்தது.

"வயசாகி வந்ததா, குடும்பத்துல உள்ளதா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அவரு அப்பனும் பொட்டன்னுதான் கேள்வி," என்றேன். "அந்தப் பிள்ளையையும் ரெண்டு விளி விளிக்கணும்."

முன்னொரு நாள் சந்தை இரைச்சலில் நான் கூப்பிட்டு அவள் திரும்பாமல் போனாள். அதுதான் அந்தப் பேச்சுக்கு உள்ள ஆதாரம் முழுவதும்.

ஜெயச்சந்திரன் பிறகு சிரிக்கவில்லை. செங்கலில் இறங்கி, "டிரைவரே, சொன்னது உபகாரமாச்சு," என்று போனார்.

வேலாயுதண்ணன் பின்னால் இருந்து இறங்கி என் பக்கம் வந்தார். முகம் சாம்பல்போல இருந்தது.

"கதவுக் கொண்டிதான் அடிச்சுது. ரப்பர் வச்சாச்சு," என்றார். பிறகு, "ஈசாக்கே, இரைச்சலுக்கு நடுவுலதான் எனக்குக் கேக்காது. ஒச்சையில்லாத எடத்துல நல்லாக் கேக்கும். என் பிள்ளைக்கு எங்கயும் கேக்கும்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவர் ரோட்டைத் தாண்டி, அமரவிளைக்கு நடந்தே போனார்.

அந்த ஆலோசனை முறிந்தது. எட்டு நாள் நான் அமரவிளையைத் தொடாமல் சுற்றுவழியாக ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து வாயசைத்தேன். வீட்டில் முழங்கால்படியிட்டால் ஜெபம் வரவில்லை. ஒன்பதாம் நாள் செல்லபாயிடம் சொன்னேன்.

"கர்த்தர்ட்ட சொன்னா போதுமா? அவருக்கு முதல்லயே தெரியும். காட்டாக்கடைக்காரருக்கு இல்லா தெரியாது? வண்டியை எடுங்க."

போனேன். ஜெயச்சந்திரன் கொடியில் இருந்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஏணியில் இருந்து இறங்காமலே கேட்டார். நான் சொன்னது பொய், அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது, தகப்பனுக்குக் காது போனதும் தகரம் அடித்துத்தான் என்று சொன்னேன்.

"டிரைவரே, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லியது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதாக்கும் பொய்."

"அப்பிடியானா இன்னைக்குச் சொல்லியதை நான் எங்ஙன நம்பியது?" என்று திரும்பவும் மிளகைப் பறிக்கத் தொடங்கினார். "பையனுக்கு வேற எடத்துல கல்யாணம் உறுதியாச்சு. போய்ட்டு வாரும்."

ஏணிக்குக் கீழே என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகும் வேலாயுதண்ணன் என் வண்டிக்கு வேலை செய்தார். முகம் கடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவார். அது எனக்கு அடி வாங்குகிறதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிரசீதாவுக்குப் பிறகு மூன்று ஆலோசனை வந்தது. மூன்றுபேரும் யாரோ சொன்னதாகச் சொல்லி, காதைப்பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களாம். நான் சொன்னது என்னைவிட வேகமாக ஊர் சுற்றியிருக்கிறது. அவள் கடையிலேயே தகப்பனோடு இருந்து தைக்கத் தொடங்கினாள். நான் போனால் தலை நிமிரமாட்டாள்.

தொண்ணூற்றொன்பதில் ஓணம் கழிந்து ஒரு மத்தியானம், கிழிந்த சீட்டோடு போனேன். பிரசீதா சோறு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். வேலாயுதண்ணன் தனியாக இருந்தார். மூன்று வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை அன்றுதான் சொன்னேன். காட்டாக்கடைக்குப் போய்வந்ததையும் சொன்னேன். அழுதேன். என்னைப் பொறுத்துக்கொள்ளணும், அண்ணா என்றேன். அவர் கையில் இருந்த தையலை முடித்தார். நூலைக் கடித்து அறுத்துவிட்டு, சீட்டை என் கையில் தந்தார்.

அடுத்த வாரம் அந்தக் கடையில் வைத்தே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அடக்கத்தன்று பிரசீதாவின் பக்கத்தில் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். இப்போதும் அவள் அங்கேதான் தைக்கிறாள். நானும் தினமும் அந்த வழிதான் ஓட்டுகிறேன். இன்றுவரை அங்கே வண்டியை நிறுத்தவில்லை. அன்று சீட்டைத் தரும்போது அவர் சொன்னது இதுதான்:

"எனக்கு உள்ளதை நான் எப்பவோ பொறுத்தாச்சு, ஈசாக்கே. பிள்ளைக்கு உள்ளதை நான் பொறுக்க முடியாது. அதை அவகிட்டயாக்கும் கேக்கணும்."