இரண்டு விரல்

என் மனைவியைக் குழந்தைகள் "மூணாம் லெவல் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பள்ளியில் பதினேழு வருடமாக அவளுக்கு அந்த ஒரே படிதான். ஒன்றாம் லெவலில் குட்டிக்கரணம், இரண்டாவதில் கையூன்றித் தலைகீழாக நிற்பது, மூன்றாவதில் பீம். உள்ளங்கை அகலமே உள்ள அந்த உயரமான கட்டைமேல் பின்னால் வளைந்து, கை ஊன்றி, கால்களைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து மறுபடி அதே கட்டையில் நிற்க வேண்டும். நின்றால் நாலாம் லெவல். அங்கே வேறு பயிற்சியாளர். பிள்ளைகள் ஏறிப் போவார்கள், இவள் அடுத்த கூட்டத்துக்கு மெத்தையைத் தட்டிப் போடுவாள். "தலைகீழா நின்னாலும் நடக்காது" என்று மற்றவர்கள் சண்டையில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த வசனம் எடுபடாது. இவள் பிழைப்பே தலைகீழாக நிற்பவர்களோடுதான்.

நான் பஸ் டிரைவர். வண்டியை டிப்போவில் விட்டதும் அவளை அழைத்துப்போக வந்து, பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். குழந்தை வளையும், இவள் வலது கை அதன் முதுகுக்குக் கீழே போகும். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது போகும். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை. தேய்த்துத் தேய்த்து எனக்கே மணிக்கட்டு போய்விட்டது.

வெட்டுக்கிளி என்று நாங்கள் கூப்பிடும் பெண் மூன்றாம் லெவல் தேர்வில் இரண்டு முறை விழுந்தவள். அடுத்த மாதம் அவளுக்குப் பத்து வயது. பத்து நிறைவதற்குள் நாலாம் லெவல் போகாத பிள்ளை பள்ளியின் போட்டி அணியில் இருக்க முடியாது. அணி உடையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாராந்திர விளையாட்டு வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தத் தேர்வுதான் கடைசி. அவள் அம்மா ஒரு தையல்காரி. தேர்வு நாளில் பெஞ்சில் என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வின்போது பயிற்சியாளர் பீம் பக்கத்தில் நிற்கலாம். தொடக் கூடாது. தொட்டால் தோல்வி.

"அக்கா, பக்கத்துலயே இருப்பீங்கல்ல?"

"இங்கதான் இருக்கேன். நீ ஏறு."

வெட்டுக்கிளி வளைந்தாள். கை ஊன்றினாள். கால்கள் நேராக மேலே போயின. இந்தத் தடவை நின்றுவிடுவாள் என்று எனக்கே தெரிந்தது. அப்போது என் மனைவியின் கை போயிற்று. இரண்டு விரல் முதுகில் பட்டது, ஒரு நொடிதான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பிடித்த கையை ஏன் அதில் சேர்க்காமல் விட்டார்களோ!

பிள்ளை துளிகூட ஆடாமல் நின்றாள். தேர்வாளர் பேனாவை மூடினார்.

"கை பட்டுச்சும்மா."

"அது என் தப்பு சார். பழக்கத்துல போயிடுச்சு. இன்னொரு தடவை பண்ணச் சொல்லுங்க, நான் வெளியவே போயிடுறேன்."

"தலைகீழா நின்னாலும் முடியாது. ஒருத்தருக்கு ஒரு தடவைதான். உங்களுக்குத் தெரியாததா?"

அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது எனக்கு. அவர்மேலும் தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

உடை மாற்றும் அறை வாசலில் என் மனைவியின் காதருகே சொன்னேன்: "நான் புடிக்கலைன்னா நீ விழுந்திருப்பன்னு சொல்லிடு. புள்ளைக்கும் மனசு ஆறும், உனக்கும் பழி வராது."

வெட்டுக்கிளி அணி உடையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்க தொடலைன்னா நான் விழுந்திருப்பேனா?"

"இல்லடி. நின்னுருப்ப. என் கைதான் கெடுத்துடுச்சு."

பிள்ளை புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எனக்கு வருதுல்ல?"

"வருது."

தலையை ஆட்டிவிட்டு, உடையை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அதில் அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. என் மனைவி வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கை மரத்துப் போகும், எடு" என்றேன்.

"போகட்டும்" என்றாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.