சும்மா உட்கார்ந்திருந்த கோழி

கோழி வளர்க்கும் தெருக்காரர்களுக்கெல்லாம் அவள் அடைக்காரிதான். முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, இறகைச் சிலுப்பிக்கொண்டு, கிட்டே போனால் கொத்த வரும் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். அடை தெளியவைக்க வேண்டுமென்றால் காற்றாடும் கம்பிக்கூண்டில் நாலைந்து நாள் போட்டுவைப்பாள். அடியில் குளிர்ச்சி பட்டால் கோழிக்குத் தாய்மை இறங்கிவிடும். பெரும்பாலும் இதைத்தான் கேட்டார்கள். முட்டை வேண்டும், குஞ்சு பொரிக்க யாருக்குப் பொறுமை? வாய்க்குள் திட்டிக்கொண்டே செய்து கொடுப்பாள்.

போன மழையில் வந்த நோய் அவள் கொல்லையைத் துடைத்துவிட்டது. மிஞ்சியது ஒரு சாம்பல் கோழியும், சண்டைக்கார சேவலும். கோழி போனதோடு அவள் கைச்செலவுக் காசும் போயிற்று. முட்டிவலி மாத்திரைக்குக்கூட மகன் முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவன் கொடுக்காமல் இருந்ததில்லை. ஆனால் கொடுக்கும் முன்னால் ஒரு பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சுக்குப் பதில் வலியே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அதனால் சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்தபோது அவளுக்கு உயிர் வந்தது. கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு முட்டைகளை வைத்தாள். டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டைகளைக் கழித்தாள். பதினொன்று தேறின. தினமும் ஒருமுறை கோழியை அவளே தூக்கி வெளியே விட்டுத் தீனி வைப்பாள். அது அவசர அவசரமாக நாலு வாய் கொத்திவிட்டு ஓடிவந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்து உட்கார்ந்தே நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும் என்ற நிலையில்தான், முட்டியைக் காட்ட அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. கொல்லைச் சாக்கடையில் சாம்பல் நிற இறகுகள் அடைத்துக்கொண்டு நின்றன.

மகன் மோட்டார் பாகக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சூப்பர்வைசர் பதவி ஒன்று கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அதற்காக நாயாய்ப் பேயாய் அலைந்து மேனேஜரைச் சாப்பிட அழைத்திருந்தான். அத்தை வரட்டும் என்று மருமகள் சொல்லித்தான் பார்த்தாளாம். அதற்கெல்லாம் நேரமில்லை என்று இவன் கொல்லைக்குப் போயிருக்கிறான். சேவல் கூரைமேல் ஏறிக்கொண்டு பிடிகொடுக்கவில்லை. சாம்பல் கோழி கையைக் கொத்தியதே தவிர, இடத்தைவிட்டு நகரவில்லை. நகராததைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்?

"ஏம்மா இப்படிப் பாக்கற?" என்றான் மகன். "முட்டையா போடுது? இத்தனை நாளா சும்மாதானே உட்கார்ந்திருக்கு."

சும்மாவாம். அவள் கூடையிடம் ஓடினாள். ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமைமேல் வைத்துப் பார்த்தாள். சூடு முழுதாகப் போய்விடவில்லை. அட்டைப்பெட்டியில் பழைய துணி போட்டு முட்டைகளை அடுக்கி, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ஓரத்தில் ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். அடுக்கிய அவசரத்தில் ஒன்று விரிசல் விட்டது.

அடையிருந்த கோழியின் உடம்பில் என்ன கறி இருக்கும்? எலும்பும் தோலும்தான். எத்தனை விசில் விட்டும் வேகவில்லை. மருமகள் மூக்கால் அழுதாள். மேனேஜர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் தட்டோரமாக ஒதுக்கிவிட்டு, வயசான கோழி போலிருக்கிறது என்று சிரித்தார். மகன் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கம்மாவுக்கு இப்பல்லாம் சமையல்ல கவனமே இல்ல சார்," என்றான்.

அந்த அம்மா தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில்தான் நின்றாள். அன்று அடுப்புப் பக்கமே போகாதவள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா மேனேஜரின் டம்ளரை நிரப்பிவிட்டுப் பெட்டியிடம் போய்விட்டாள்.

பிறகு அங்கிருந்து எழவே இல்லை. பல்பைக் கொஞ்சம் தூக்குவாள், கொஞ்சம் இறக்குவாள், முட்டையைக் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பாள். பாத்திரம் குவிந்து கிடக்கிறது என்று மருமகள் முணுமுணுத்தாள். கரண்ட் வீணாகிறது என்று மகன் முணுமுணுத்தான். இரண்டும் அவள் காதில் ஏறவில்லை. ஒரு முட்டைக்குள்ளிருந்து மெல்ல 'கீச்' என்றது. தாய் பதில் சொன்னால்தான் உள்ளே இருப்பதற்குத் தெம்பு வரும். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த வயதில் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு 'கொக், கொக்' என்றாள். அவமானமாகத்தான் இருந்தது. நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் ஆறு குஞ்சுகள் வந்தன. இரண்டு, ஓட்டில் ஓட்டை போட்ட கையோடு அலகை வெளியே நீட்டியபடி செத்துப்போயின. விரிசல் விட்டது உட்பட மற்ற மூன்றும் சத்தமே இல்லாமல் கிடந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தாள். முழுசாக வளர்ந்து, இறகெல்லாம் முளைத்துக் கிடந்தது. மற்ற இரண்டையும் உடைக்க மனம் வரவில்லை, அப்படியே புதைத்தாள். கொல்லையில் குந்தியபடி அழுது தீர்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் மகன் ஸ்வீட் பெட்டியோடு வந்தான். பதவி கிடைத்துவிட்டது. அவள் குருணையைக் காகிதத்தில் தூவி விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். விரல் போன இடமெல்லாம் குஞ்சுகள் ஓடிக் கொத்தின. கொத்திக் காட்ட ஆளில்லாவிட்டால் எது தீனியென்றே அவற்றுக்குத் தெரியாது. மகன் கதவைத் திறந்துபோட்டு நின்றபடி வேடிக்கை பார்த்தான். அவனுக்கு உச்சி குளிர்ந்திருந்த நேரம்.

"பாத்தியாம்மா, கோழி இல்லாமலேயே பொரிச்சிடுச்சு," என்றான். "இதுக்குப் போய் அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டியே."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. வயிற்றில் சுமந்து, தோளில் போட்டு வளர்த்த பிள்ளைமேல் இப்படியொரு வெறுப்பு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வந்துவிட்டது.

"கதவைச் சாத்திட்டுப் போப்பா," என்றாள். "குஞ்சுக்குக் காத்து ஆகாது."