மூட்டை கட்டிய வெயில்

ஓட்ஸ் பால் தொழிற்சாலையில் அவருக்கு விசாரணை என்று பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது, அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வருகிறது, எப்படிச் செய்கிறார்கள் என்று நாலு பேரைக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தார். அந்த ஆள் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, வந்த வேலையை மறந்துவிட்டுப் போய்விட்டார். கேட்பது நல்ல பழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், பதில் கிடைக்காத இடத்தை மனிதர் தானே இட்டு நிரப்பிவிடுவார். 'தெரியல' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

அவர் வேலை, பாலில் வைட்டமின் கலப்பது. பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. பொடி பறந்துவிடும் என்று அங்கே மின்விசிறி கிடையாது. பைகளைப் பிரித்து, பொடியை நிறுத்து, முதலில் ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் கரைத்துக்கொள்வார். நேரே தொட்டியில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். ஊருக்கெல்லாம் கலக்கிக் கொடுத்தாரே தவிர, ஒரு வாய் குடித்துப் பார்த்ததில்லை. அவருக்கு மாட்டுப் பால்தான்.

மனைவி அப்படி இல்லை. முன்பு ஒரு மாட்டுப் பண்ணையில் தொழுவம் கழுவும் வேலை பார்த்தவர். கன்றைப் பிரித்த பிறகு தாய்மாடு விடாமல் கத்தியதைக் கேட்டுக்கொண்டே தரையைத் தேய்த்தார். அந்த வேலையோடு பாலையும் விட்டார், பிறகு முட்டை, கறி, தேன் எல்லாவற்றையும். வீகன் என்ற சொல்லையே அதற்கப்புறம்தான் கேள்விப்பட்டார். வீட்டில் இவருக்குச் சட்டி வேறு, அவருக்குச் சட்டி வேறு, சண்டை மட்டும் கிடையாது.

போன குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. எலும்பில் பலமே இல்லை, வைட்டமின் டி கட்டாயம் வேண்டும் என்றார் டாக்டர். தொழிற்சாலையில் மூலை நசுங்கிய பாக்கெட்டுகளை வேலை செய்பவர்கள் எடுத்துப் போகலாம். விசாரணை பெருமையோடு கொண்டுவந்து வைத்தார்.

"இதுல ஆடு மாடு எதுவும் கலக்கலையே?" என்றார் மனைவி.

"நான் கலக்குறேன், எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டாரே ஒழிய, உள்ளே ஒரு உறுத்தல். பி12 கறியில்தான் இருக்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. பை அனுப்பும் கம்பெனிக்கே போன் போட்டு, மூன்று பேர் கைமாறி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கிருமிகள் செய்கின்றன, தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள், கறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அப்ப டி?" என்றார் மனைவி.

"அது வெயில்மா. வெயில்ல ஏது ஆடு மாடு?"

மனைவி தினமும் காலையில் ஒரு டம்ளர் குடிக்க ஆரம்பித்தார்.

இது இத்தோடு முடிந்திருக்கும், அவருக்கு இன்னொரு சந்தேகம் வராமல் இருந்திருந்தால். தேநீர் இடைவேளையில் பரிசோதனைக்கூடத்துப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, வெயிலை எப்படி மூட்டை கட்டுறாங்க?"

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். கம்பளிக்காகச் செம்மறியாட்டு முடியை வெட்டுவார்கள். அதைக் கழுவும்போது மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு வரும். அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன்மேல் வெயிலில் இருக்கிற மாதிரி ஒரு ஒளியைப் பாய்ச்சினால் டி கிடைக்கும்.

"அடேயப்பா" என்றார். ஆட்டின் முதுகில் இத்தனை விஷயமா என்று வியந்தார். அப்புறம்தான் மனைவியின் டம்ளர் ஞாபகம் வந்தது.

"அப்ப வீகன் இல்லையா?"

"இதுக்காக ஆட்டைக் கொல்றதில்ல. ஆனா ஆட்டுலேர்ந்துதானே வருது? கண்டிப்பா இருக்கிறவங்க தொட மாட்டாங்க. பாறைப் பாசியிலேர்ந்து எடுக்கிறதும் இருக்கு அண்ணா. நாம வாங்குறது அது இல்ல."

சொன்னால் மனைவி டம்ளரைத் தொடமாட்டார். எலும்பு என்னாவது? சொல்லாவிட்டால், தன்னை நம்பிக் குடிக்கிறவருக்குத் தெரிந்தே ஆட்டைக் கொடுப்பதாகும். இதை யாரிடம் போய் விசாரிப்பது? சாப்பாட்டு மேசையில் தலை குனிந்தே சாப்பிட்டார்.

"என்ன, ரெண்டு நாளா வீடு அமைதியா இருக்கு?" என்றார் மனைவி, டம்ளரைக் கையில் எடுத்தபடி. "உடம்பு சரியில்லையா?"

அந்த டம்ளரைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. ஆடு, முடி, பிசுக்கு, ஒளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். மனைவி டம்ளரை மேசையில் வைத்தார்.

"வெட்டும்போது ஆட்டுக்கு வலிக்குமா?"

"முடிதானே, அதெல்லாம்..." என்று வழக்கம்போல் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "தெரியல."

"வயசாகி முடி குறைஞ்சுபோனா அதுங்கள என்ன பண்ணுவாங்க?"

"தெரியல." அந்தச் சொல் இரண்டாம் தடவையும் அவருக்குப் புதிதாகத்தான் இருந்தது. "பாசியிலேர்ந்து எடுத்த மாத்திரை இருக்காம். நெசமாவே பாசிதானான்னு கேட்டுட்டு வாங்கிட்டு வர்றேன்."

மனைவி டம்ளரை அவர் பக்கம் தள்ளினார். "கொட்ட மனசில்ல. நீங்க குடிங்க."

குடித்தார். தான் கலக்கும் பால் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதைச் சொல்ல இது நேரமில்லை என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கோவமா?"

"கோவம்தான். பின்ன இருக்காதா?" மனைவி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா நீங்க தெரியும்னு சொன்னதுல பாதியத்தான் நம்பினேன். இன்னைக்குத் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, இனிமே தெரியும்னு சொன்னா முழுசா நம்புவேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா?

"எந்தப் பாதி?" என்றார்.

மனைவி குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினார்.

"அத நீங்களே விசாரிச்சுக்கோங்க."