லோக்கலா, கம்பெனியா?

புதுக் குழாய் எதைக் கொடுத்தாலும் செம்பியன் முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். அப்புறம் விரலால் ஒரு சுண்டு. சத்தம் பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். “இது லோக்கல் மாமா. தாங்காது. கம்பெனி ஐட்டமா வாங்கிட்டு வந்து கூப்புடுங்க, மாட்டித் தர்றேன்.” காட்டுமன்னார்கோயிலில் இப்படிப் பிடிவாதக்கார பிளம்பர் வேறு யாருமில்லை. செருப்பானாலும் மிக்சர் பொட்டலமானாலும் அவரிடம் கேள்வி ஒன்றுதான்: “லோக்கலா, கம்பெனியா?”

அப்பேர்ப்பட்டவர், பித்தப்பைக் கல்லை மட்டும் வயிற்றில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் திரிந்தார். வடை தின்றால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். சுருண்டு படுப்பார். ஆபரேஷன் என்று பேச்செடுத்தால் உடனே வலி போய்விடும். அவருடைய அண்ணனுக்கு ஒரு காலத்தில் இதே கல்லை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தலையணையை அணைத்துக்கொண்டு அந்த மனிதர் அழுதது இன்னும் இவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. கடைசியில் காய்ச்சலும் வந்தது. இனியும் தள்ளிப்போட்டால் பை சீழ் பிடித்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகு, மனைவி இசைவாணி சண்டை போட்டுச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் பவானி வந்தார். “சின்னச் சின்ன ஓட்டை வழியா எடுத்துடுவாங்க. அப்புறம் வலிக்காம இருக்க லோக்கல் போட்டுடுவோம்.”

செம்பியன் கட்டிலைவிட்டு இறங்கிச் செருப்பைத் தேடி மாட்டினார்.

“எனக்கு லோக்கலா? கம்பெனி மருந்து இல்லியா ஒங்ககிட்ட? வாணி, பைய எடு, போவலாம்.”

இசைவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இவ்வளவு தூரம் இழுத்து வந்தது வீணாகிவிடுமோ என்று பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். டாக்டருக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

“அந்த எடத்த மட்டும் மரத்துப்போக வைக்கிற மருந்துக்குத்தாங்க லோக்கல்னு பேரு. நல்ல கம்பெனி மருந்துதான். நீங்க மயக்கத்துல இருக்கறப்பவே ஓட்டை போட்ட எடத்துல போட்டுடுவோம். முழிக்கிறப்ப வலி கம்மியா இருக்கும். சுத்தமா இருக்காதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

செம்பியன் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். கடைக்காரர்கள் யாரும் தங்கள் சரக்கைப் பற்றி இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் இசைவாணி கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தபோது கட்டில் காலி. குளியலறைப் பக்கமிருந்து நர்சின் குரல் கேட்டது.

“யாரு ஒங்கள தனியா எழுந்திரிக்கச் சொன்னது?”

“லேசா சுருக்குங்குதும்மா, அவ்ளோதான். இது சொட்டு சொட்டுன்னு சொட்டிக்கிட்டே இருந்தா மனுஷன் எப்புடிப் படுக்கறது?”

இசைவாணி எட்டிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவர் பயந்த அந்தக் கை, வாஷ்பேசின் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தது.