திட்டி எழுப்புகிறவள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'அலாரம்' என்றுதான் பெயர். செத்தவர்களை எழுப்புவது வேலை. உரிமம், அடையாள அட்டை, மாதம் நாலு நாள் லீவு எல்லாம் உண்டு. மந்திரம், மண்டையோடு எதுவும் கிடையாது. வெந்நீர்ப் பையை நெஞ்சின் மேல் வைத்துக் காதோரம் மூன்று முறை கூப்பிடுவாள். பை ஆறும் வரை, ஏழெட்டு நிமிடம், போனவர் பேசுவார்.

ஒரே ஒரு சட்டம்: பாராட்டக் கூடாது. உயிரோடு இருக்கும்போது யாரை யார் புகழ்ந்தார்கள்? ஒரு நல்ல வார்த்தை காதில் விழுந்தால் போதும், பிணத்துக்கு விஷயம் புரிந்துவிடும். அப்புறம் வாயை மூடினால் மூடியதுதான். அதனால் வீட்டில் எப்படித் திட்டுவார்கள் என்று முதலில் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள். அந்த நோட்டைப் படித்தால் குழாயடிச் சண்டையே கூச்சப்படும்.

அன்று மத்தியானம் வந்தவன் மழைநீர்க் கால்வாயில் அடைப்பு எடுப்பவன். வெளியே இழுத்தபோதே மூச்சில்லை. கூட இறங்கிய மச்சான் இன்னும் உள்ளே. பூமிக்கடியில் ஆறு கிளை, தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. எந்தக் கிளை என்பது இவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவி சுவரோரம் நின்றாள். போனது புருஷன், உள்ளே கிடப்பது கூடப் பிறந்த தம்பி.

"அழுகை அப்புறம். இவரை எப்படித் திட்டுவே?"

"நான் திட்டினதே இல்லக்கா."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"அப்போ நிறையவே இருக்கும். யோசி."

"தூங்குமூஞ்சின்னு... எப்பவாவது."

"டேய் தூங்குமூஞ்சி!" என்று அலாரம் மூன்று முறை கத்தினாள். மூன்றாவதில் அவன் கண் திறந்தான். மனைவியைப் பார்த்தான். அவ்வளவுதான், அவள் உடைந்துபோனாள்.

"நீ தங்கமான மனுஷன்யா..."



"ஏண்டி இப்படிப் பேசுற?" அவன் கண் கூரைக்குப் போனது. "எனக்கு என்ன ஆச்சு?" உதடுகள் ஒட்டத் தொடங்கின.

அலாரம் மனைவியின் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவள் கண்ணீரை விழுங்கினாள்.

"தங்கமாம், தங்கம்! உரசிப் பார்த்தா பித்தளைகூடத் தேறாது. என் தம்பிய எங்கய்யா விட்டுட்டு வந்தே, தூங்குமூஞ்சி?"

அவன் முகம் தெளிந்தது. "அதானே பார்த்தேன். நாலாவது கிளைடி. ஏணி முறிஞ்ச இடத்துக்கு மேல ஒரு மேடு இருக்கு. அங்க ஏத்தி விட்டிருக்கேன். வாயத் தொறந்தா மூடமாட்டியே நீ."

அலாரம் ஒரு கையால் போனில் அதைச் சொன்னாள். மறு கையால் மனைவியின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆள் அங்கே இல்லையென்றால் மறுபடி கேட்க வேண்டும். உள்ளங்கை நனைந்துகொண்டே இருந்தது. பையைத் தொட்டுப் பார்த்தாள்: வெதுவெதுப்பு. போனில் தண்ணீர்ச் சத்தம், யாரோ கத்துவது, மறுபடி தண்ணீர்.

"இருக்கான்! மூச்சு இருக்கு!"

அலாரம் கையை எடுத்தாள். "இப்போ சொல்லு. சீக்கிரம்."

"நிஜமாவே தங்கம்தான்யா நீ."

இந்த முறை அவன் ஆச்சரியப்படவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டான்.

"தம்பி?"

"வந்துட்டான்யா."

அவன் வாயை மூடிக்கொண்டான்.

படிவத்தில், 'பேச்சு நின்ற காரணம்' என்ற கட்டத்தில், அலாரம் 'பை ஆறிவிட்டது' என்று எழுதினாள். பை இன்னும் ஆறவில்லை.