போத்தலில் கிடந்த பித்தளை

பித்தளையில் ஒரு வகை கடலைத் தாங்கும், இன்னொரு வகை தாங்காது. இரண்டும் ஒரே மஞ்சள். மினுக்கி வைத்தால், முப்பது வருடம் லேத்தில் நின்ற எனக்கும் கண்ணால் பிரிக்கத் தெரியாது. இரும்புக்கடை வியாபாரி ஒருவர் என்னைக் கவிழ்த்தது அங்கேதான்.

உடுப்பிட்டியில் என் வீட்டு வளவுக்குள்ளேயே பட்டறை. வடக்குக் கரையில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டிமார் வள்ளத்துச் சாமான்களுக்கு என்னிடம்தான் வருவார்கள். அவர்களில் ஒருவர், இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே எடுக்கும் குழாய்த்துண்டு ஒன்று கேட்டார். வள்ளத்தின் அடியில் துளைபோட்டுப் பூட்டுவது. அது உடைந்தால் கடல் உள்ளே வரும். நகரத்தில் வழமையாக வாங்கும் இரும்புக்கடைக்குப் போய், கடலுக்கு ஏற்ற பித்தளைக் கம்பி வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன்.

“உது கடல்பித்தளைதான் தம்பி. கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோம்,” என்றார் கடை முதலாளி.

லேத்தில் பூட்டினேன். உளி தொட்டதும் சீவல் ரவை போலப் பொலபொலவென்று கொட்டியது. அரைநாள் வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. நல்ல சாமான் என்று மனைவியிடம் புகழ்ந்தேன்.

எட்டு மாதத்தில் அது நடுக்கடலில் உடைந்தது. வள்ளத்தில் இருந்தவர்கள் சம்மாட்டியாரின் இரண்டு மகன்மார். தண்ணீரை அள்ளி ஊற்றி ஊற்றி, இன்னொரு வள்ளம் கட்டி இழுக்க, எப்படியோ கரை சேர்ந்தார்கள். மறுநாள் காலை சம்மாட்டியார் உடைந்த துண்டை என் நெஞ்சில் எறிந்தார்.

“கள்ளப் பித்தளை போட்டு என்ரை பெடியளைக் கடலுக்குக் குடுக்கப் பாத்தனி, என்ன?”

தண்ணீர்ப் பம்பு திருத்த வந்த நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றோடு கரையில் இருந்து ஒருவரும் வரவில்லை. சந்தையில் என் மனைவியைக் கண்டால் கதையை நிறுத்தினார்கள்.

உடைந்த துண்டின் உட்புறம் செங்கல் நிறத்தில் இருந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. பித்தளை என்பது செம்பும், நாகம் என்கிற துத்தநாகமும். உப்புத்தண்ணீர் நாகத்தை மெல்ல மெல்ல எடுத்துவிடும். மிஞ்சுவது பொருக்குச் செம்பு. உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. இதைத் தடுக்கத்தான் கடல்பித்தளையில் நூற்றுக்கு ஒரு பங்களவு வெள்ளீயம் சேர்ப்பார்கள். அதைக் கடைவது கரைச்சல். சீவல் நீளமாகச் சுருண்டு கையை வெட்டும். சுகமாகக் கடைவதற்கென்று செய்யும் பித்தளையில் ஈயம் இருக்கும். அது தூளாகக் கொட்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த நாட்களில் என் கண்ணுக்குள் நின்றது வியாபாரியின் முகம் மட்டும்தான்.

பழிவாங்க நினைத்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. மருதனார்மடத்து ஆஞ்சநேயரிடம் போய், அவன் கடைக்குப் பூட்டு விழுந்தால் வடைமாலை சாத்துகிறேன் என்று நேர்த்தி வைத்தேன். பிறகு தீக்குச்சித் தடிப்பில் இரண்டு குச்சிகள் கடைந்தேன். ஒன்று நல்ல கடல்பித்தளையான பழைய கப்பல் ஆணியில் இருந்து, மற்றது அவன் தந்த கம்பியின் மிச்சத்தில் இருந்து. ஒரு போத்தல் கடல்நீரில் இரண்டையும் போட்டேன். தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு வருடம் வைத்திருந்தேன். தினமும் பல் துலக்க முன்னமே போத்தலைப் போய்ப் பார்ப்பேன். மஞ்சள் சிவக்கச் சிவக்க எனக்குச் சந்தோஷம்.

சம்மாட்டியாரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, கடை நிறைய ஆள் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். மேசையில் போத்தலைக் கவிழ்த்தேன். கப்பல் ஆணிக் குச்சியை வளைத்தேன், வளைந்து நின்றது. மற்றதைத் தொட்டேன், காய்ந்த ஈர்க்குப் போல முறிந்தது.

“இதுதானோ அண்ணை உங்கடை கடல்பித்தளை?”

முதலாளியின் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்கத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன்.

“ரெண்டு கம்பியும் ஒரே தட்டிலைதான் கிடந்தது. மாறிப்போச்சுப் போலை. பிழை என்ரைதான்,” என்றார். முறிந்த குச்சியைக் கையில் எடுத்து உருட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஆனா தம்பி, லேத்திலை கடையேக்கை சீவல் எப்பிடி விழுந்தது?”

சம்மாட்டியார் என் பக்கம் திரும்பினார்.

“நீளமாச் சுருண்டுதான் விழுந்தது,” என்றேன்.

பொய் என்று முதலாளிக்குத் தெரியும்; அவர் தந்த கம்பி தூளாகத்தான் கொட்டியிருக்கும். ஆனால் பிழையை ஒப்புக்கொண்டவர், முறிந்த குச்சியை மேசையில் வைத்துவிட்டார். சம்மாட்டியார்தான் அவரைப் பார்த்துக் கத்தினார். வெளியே வந்து என் தோளில் கைபோட்டு, “உம்மைப் போய்க் கள்ளன் எண்டிட்டன்,” என்று கண் கலங்கினார்.

கரைச் சனம் அந்தக் கடையைக் கைவிட்டது. அடுத்த பொங்கலுக்குள் பூட்டு விழுந்தது. என் பட்டறையில் மறுபடியும் வள்ளத்துச் சாமான்கள். அந்த மனிதர் மீது எனக்கு இன்றைக்கும் கோபம்தான். முன்பு, கம்பியை மாற்றித் தந்ததற்கு. இப்போது, அன்று அப்படி ஒரு கேள்வி கேட்டதற்கு.

மருதனார்மடச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் பின்னால் இருந்து மனைவி கேட்கிறாள்: “நேர்த்தி பலிச்சிட்டுது. எப்ப வடைமாலை சாத்திறது?”

உளுந்து விலை இறங்கட்டும் என்று சொல்லி, கோயில் பக்கம் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை விடுகிறேன்.