சிவப்பு ஜெர்பராவின் மகரந்தம் தேடிச் சிதம்பரம்

2010 ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூரிலிருந்து சிதம்பரம் போய்வந்தேன். கோயிலுக்கு அல்ல, ஒரு சிட்டிகை மகரந்தத்துக்காக. வீட்டுச் செடிகளில் இரண்டு நிறங்களைக் கலந்து பார்க்க நினைப்பவர்களுக்கு இது உதவலாம்.

கடலூர்ச் செம்மண்டலத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு மஞ்சள் ஜெர்பரா இருக்கிறது. பூ சின்னதுதான், ஆனால் இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் சிவப்பு ஜெர்பராவுக்குப் பூ பெரியது. நான் வாங்கிய மூன்று செடிகளும் மே மாதத்தில் கருகிவிட்டன. மஞ்சளை வேரோடு பிரித்து நட்டால் மஞ்சளே வரும். வெயில் தாங்கும் சிவப்பு வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து விதை எடுக்க வேண்டும்.

அதற்கு அவகாசம் குறைவு. ஜெர்பராவில் வெளி இதழ் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அதில் சூல்முடி மட்டுமே வேலை செய்யும். நடுவட்டத்தில் உள்ள குட்டிப் பூக்களில் ஓரிரு நாள் கழித்துத்தான் மகரந்தம் வரும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதற்குள் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவிவிட வேண்டும். எங்கள் பூ சனிக்கிழமை விரிந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சிதம்பரத்தில் தனக்குத் தெரிந்த நர்சரிக்காரருக்குப் போன் செய்தார். சிவப்பு பூத்திருப்பதாக அவர் சொன்னார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நானும் மாமாவும் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஏறினோம். ஏறத்தாழ 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்குப் பதினாறு ரூபாய். வண்டி முழுக்கப் பட்டுப்புடவைகள். அதன் பொருள் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நர்சரி அண்ணாமலை நகர் போகும் சாலையில் இருந்தது. நிழல்வலைக்குக் கீழே சிவப்பு ஜெர்பராச் செடிகள் இருந்தன. ஒன்றிலும் பூ இல்லை.

"இன்னிக்கு முகூர்த்தமாச்சேம்மா. டெக்கரேஷன் பண்றவரு விடியக்காலைல வந்து மொத்தத்தையும் அறுத்துக்கினு போயிட்டாரு" என்றார் நர்சரிக்காரர்.

"நம்ம பூவுக்கு மாப்ள பாக்க வந்தா, மாப்ள வேற கல்யாணத்துக்குப் போயிட்டான்" என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வந்தால் பயனில்லை. மண்டபம் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினோம். முப்பது ரூபாய்.

தாலி கட்டும் வரை மேடைக்குப் போக முடியவில்லை. கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் அலங்கார வளைவருகே போனேன். பூக்களில் எல்லாம் நீர்த்துளி. ரோஜா, சாமந்திக்குச் செய்வதுபோல ஜெர்பராவுக்கும் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நனைந்த மகரந்தம் கட்டிதட்டியிருந்தது, அது உதவாது. காய்ந்த பூவைத் தேடி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

"யாரு வூட்டுப் பொண்ணு நீ? பூவ இன்னா பண்ற?" என்று ஓர் அம்மா வந்து நின்றார்.

"கடலூருங்க. இதுல இருக்கிற மகரந்தம் மட்டும் வேணும். பூவப் பறிக்க மாட்டேன்."

"மாப்ள வூட்டுக்காரங்களா?"

"பூ வூட்டுக்காரங்க" என்றார் மாமா.

அவர் மணப்பெண்ணின் அத்தையாம். நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். "சேப்பா வருமா அப்ப?"

"தெரியலைங்க."

"தெரியாமயா இம்மாந்தூரம் வந்த?" என்று கேட்டபடி, வாழைமரத்தின் மறைவில் தண்ணீர் படாமல் இருந்த இரண்டு பூக்களை அவரே காட்டினார். காகிதத்தில் தட்டி மடித்துக்கொண்டேன். சாப்பிடாமல் அவர் எங்களை விடவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு வீடு. எங்கள் பூவின் நடுவட்ட ஓரத்தில் மகரந்தம் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. உலர்ந்த ஓவியத் தூரிகையால் சிவப்பின் மகரந்தத்தை வெளி இதழ்களின் சூல்முடிகளில் தடவி, பூவைக் காகிதப் பையால் மூடினேன். சரியான நேரத்தில் தடவினேனா என்ற சந்தேகம் போகவே இல்லை.

நீங்கள் போவதானால் முகூர்த்த நாளைத் தவிருங்கள். மடித்த காகிதம் போதும். பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துவிடும். பஞ்சு வைத்த விதை முற்றியதும் உடனே விதையுங்கள், வைத்திருந்தால் முளைக்காது. நாற்றை நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அப்பா கரும்புக்குச் செய்வதுபோல மண் அணைத்துவிட்டதில் எனக்கு இரண்டு நாற்று அழுகிப்போயின.

மிஞ்சியவை மூன்று. முதல் இரண்டும் அம்மாச்செடியைப் போலவே மஞ்சளாகப் பூத்தன. அதன் சொந்த மகரந்தமே முந்திக்கொண்டிருக்கலாம். மூன்றாவது நேற்றுதான் விரிந்தது. சிவப்பு என்று சொல்ல முடியாது, சுட்ட செங்கல்லின் நிறம். இந்த அக்னி நட்சத்திரம் முழுக்க அது மொட்டைமாடியில், வெயிலில்தான் நின்றது.